கணக்குக்கு மட்டுமா எழுத்து?



நமது கடைத்தெருவில் ஒருவர் கல்லாவுக்கு அருகில் அமர்ந்து நூல் ஒன்றைப் படித்துக் கொண்டிருந்தால், அவ்வழியே செல்லும் நண்பர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன, இன்றைக்கு வியாபாரம் இல்லையா?" என்பதாகவே இருக்கிறது. கேட்பவர் கேலியாகக் கேட்கவில்லை, அனுதாபத்தோடுதான் கேட்கிறார். அதே மனிதர் கைப்பேசியில் விரலை ஓட்டிக் கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஏதோ சரக்கு விஷயமாக இருக்கும் என்று எண்ணிப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுவது முறையன்று. அதனுள் ஒரு நியாயம் இருக்கிறது. வியாபாரியின் நேரம் முழுவதும் அவனுக்கே சொந்தமா? ஊரில் இருக்கும் தாய் தந்தையர், வீட்டில் இருக்கும் மனைவி மக்கள், சரக்கைக் கடனுக்குக் கொடுத்த மொத்த வியாபாரி, மாதம் பிறந்தால் கூலியை எதிர்பார்த்து நிற்கும் சிப்பந்திகள் ஆகிய இத்தனை பேருக்கும் அவனுடைய நேரத்தில் பங்கு உண்டு. இவர்களுக்குரிய நேரத்தில் ஒரு மணியை எடுத்து, காசு ஒன்றும் தராத ஒரு கதையையோ சரித்திரத்தையோ படிப்பது வீண் விரயம் ஆகாதா? சிக்கனமாக வாழ்ந்து பழகிய நமது சமூகத்துக்கு இந்த ஐயம் எழுவது இயற்கையே. இதற்கு நேர்மையான விடை வேண்டும்.

கூட்டங்களில் நாம் வழக்கமாகக் கேட்கும் விடை ஒன்றுண்டு. மேடையேறும் பேச்சாளர், நமது மார்க்கத்தில் முதன்முதலாக இறங்கிய கட்டளையே ஓதுமாறு ஏவியது என்பார். எல்லோரும் தலையசைப்பார்கள். பிறகு பிரியாணி பரிமாறப்படும். சொல்லப்பட்டது முற்றிலும் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டளையைப் பெற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ எழுதப் படிக்க அறியாத உம்மி நபி என்பதையும் நாம் அறிவோம். கைநாட்டு வைத்தே கோடிக்கணக்கில் வியாபாரம் செய்து, ஒரு காசும் பிறர் பொருளைத் தீண்டாமல் கண் மூடிய பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கள்ளப் பத்திரம் எழுதியவர்களோ நன்றாகப் படித்தவர்கள்! ஆகவே, படித்தவன் எல்லாம் நல்லவன் என்றோ, படிக்காதவன் குறைந்தவன் என்றோ வாதாட நாம் முன்வரவில்லை. நாம் கேட்பது வேறு: எழுத்தறிவைப் பெற்றுவிட்ட ஒருவன், அதைக் கடைக்கணக்குக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மூடி வைப்பது சரிதானா?

நம்மவர் பேச்சிலேயே மூன்று சொற்கள் இருக்கின்றன. குர்ஆனை 'ஓதுகிறோம்'. பள்ளிக்கூடத்தில் 'படித்தோம்'. ஊரிலிருந்து வந்த கடிதத்தை 'வாசித்தோம்'. ஓதுவது நன்மைக்காக, படித்தது பரீட்சைக்காக, வாசித்தது செய்திக்காக. ஒன்றையும் எதிர்பாராமல் ஒரு நூலைக் கையில் எடுப்பதற்கு நாம் தனியாக ஒரு சொல் வைத்துக் கொள்ளவில்லை.

கணக்குக்காக எழுத்துக் கற்ற ஒரு பையனின் கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. முன்ஷி அப்துல்லாஹ் என்ற பெயரை மலேசியாவில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள்; புதிய மலாய் உரைநடையின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். அவர் நம்மவர் என்பதை நமது வீட்டுப் பெரியவர்களிற் பலர் அறியமாட்டார்கள். அவருடைய முப்பாட்டனார் யமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து மார்க்கக் கல்வி போதித்து, அங்கேயே பெண் கொண்டவர். அவருடைய மகன் மலாக்காவுக்குச் சபர் வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அவர்களுடைய பேரப்பிள்ளைதான் அப்துல்லாஹ். தந்தையார் மலாக்காவின் உட்பகுதிகளில் வியாபாரம் செய்தவர்.

அப்துல்லாஹ் தமது சுயசரிதையான 'ஹிக்காயத் அப்துல்லாஹ்'வில் தம் இளமையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1843 இல் எழுதி முடித்த அந்நூல் 1849 இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அதிலே நமக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வழக்கமாக இருந்ததாம். ஏன் தெரியுமா? கணக்குப் பார்ப்பதற்கும், அங்கே நிறைந்திருந்த தமிழ் வியாபாரிகளோடு பேசுவதற்கும்தான். அவரையும் அதற்காகவே ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார்கள். இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார். நமது மொழி ஒரு காலத்தில் மலாக்காவின் பேரேட்டு மொழியாக இருந்தது என்பது பெருமைக்குரிய செய்திதான். அதே சமயம், நமது எழுத்துக்கு இந்த மண்ணில் முதலில் கிடைத்த வேலை எது என்பதையும் அது காட்டிவிடுகிறது. பற்று வரவு எழுதுவதே அந்த வேலை!

ஒருநாள் தந்தையார் வீட்டில் இல்லாத வேளையில் ஒரு கப்பல் நகுதா கடன் பத்திரம் எழுதித் தருமாறு வந்து நின்றார். பையனே அதை எழுதிக் கொடுத்துவிட்டான். இந்த நிகழ்ச்சியையும் அவர் தம் நூலில் மறவாமல் எழுதியிருக்கிறார். கடன் பத்திரம் பிழையின்றி எழுதத் தெரிந்த பையன். மலாய், தமிழ், அரபு ஆகியவை கைவசம். இதற்கு மேல் ஒரு வியாபாரிக்கு என்ன வேண்டும்? நம்முடைய வீடாக இருந்தால் அன்றைக்கே கடையில் உட்கார வைத்திருப்போம்.

அவர் அங்கே நின்றுவிடவில்லை. பழைய மலாய் ஏடுகளைத் தேடித் தேடிப் படித்தார். ஏடு பெயர்த்து எழுதும் வேலையில் இருந்துகொண்டே படித்தார். 1838 இல், கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை மூண்டு சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குகள் அங்கே சிக்கிக் கொண்டபோது, கடிதங்களை எடுத்துச் செல்ல அவரை அனுப்பினார்கள். சரக்கை மீட்பதற்கான பயணம் அது. நம்மில் ஒருவர் போயிருந்தால் எத்தனை மூட்டை தப்பியது, எத்தனை போயிற்று என்று ஐந்தொகை எழுதிக் கொண்டு வந்திருப்போம். அவரோ ஒரு நூலோடு திரும்பினார். வழியிலுள்ள ஊர்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், யாருடைய அநியாயத்துக்கு அஞ்சுகிறார்கள், ஏன் உழைக்க மனமின்றி இருக்கிறார்கள் என்றெல்லாம் கண்டு எழுதினார். அவர் ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்று பிற்கால அறிஞர்கள் குறை கூறுவதுண்டு. அந்தக் குறை உண்மையே. ஆயினும், தாம் சந்தித்த மனிதர்களைச் சரக்கோடு சம்பந்தப்பட்டவர்களாக மட்டும் அவர் பார்க்கவில்லை.

நாம் சொல்ல விரும்பும் விஷயம் இதில்தான் அடங்கியிருக்கிறது. காலை முதல் இரவு வரை கல்லாவுக்குப் பின்னால் நிற்பவனுக்கு உலகில் இரண்டே வகை மனிதர்கள்தாம் தென்படுவார்கள்: வாங்க வருபவர், விற்க வருபவர். ஒருவர் உள்ளே நுழையும்போதே, இவர் ரொக்கமா, கடனா, பேரம் பேசுபவரா, சும்மா விலை கேட்டுப் போகிறவரா என்று மனம் எடை போட்டுவிடுகிறது. இது குற்றமன்று, தொழில் அப்படி. ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் இப்படியே எடை போட்டுப் பழகிய கண், வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் தராசைக் கீழே வைப்பதில்லை. சம்பந்தம் பேச வந்தவரையும், சந்தா கேட்டு வந்த பள்ளிவாசல் நிர்வாகியையும், ஏன், பெற்ற மகனையும்கூட அதே கண்ணால் பார்க்க ஆரம்பித்து விடுகிறோம்.

நூலில் சந்திக்கும் மனிதர் நம்மிடம் ஒன்றும் வாங்க வரவில்லை. நம்மிடம் விற்கவும் அவருக்கு ஒன்றுமில்லை. அவர் நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்து போனவராக இருக்கலாம். வேறு மதத்தவராக, நாம் ஒருபோதும் கால் வைக்காத தேசத்தவராக இருக்கலாம். அவர் பேசி முடிக்கும் வரை நாம் குறுக்கே பேச முடியாது. அவருடைய துயரத்தைக் கேட்டுத் தள்ளுபடி கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய செல்வத்தைக் கண்டு பல்லிளிக்க வேண்டியதுமில்லை. ஒரு மனிதரை மனிதராகவே கொண்டு அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு முடிக்கும் பயிற்சி வியாபாரிக்கு வேறு எங்கே கிடைக்கும்? பள்ளிவாசல் வரிசையில் கிடைக்கலாம்; மரண வீட்டில் கிடைக்கலாம். நினைத்த நேரத்தில் கிடைப்பது நூலில்தான். இந்தப் பயிற்சியுள்ளவன் மறுநாள் கடையில் நிற்கும்போது, எதிரே நிற்பவர் வாடிக்கைக்காரர் என்பதற்கு மேலும் ஏதோ ஒருவர் என்பது அவனுக்கு நினைவிருக்கும். முதலில் கேட்ட கேள்விக்கு நாம் தரும் விடை இதுவே: நூல் படிக்கும் ஒரு மணி, மனைவி மக்களிடமிருந்தும் சிப்பந்திகளிடமிருந்தும் திருடியதாகாது. அவர்களைச் சரியாகப் பார்ப்பதற்கான கண்ணை அந்த ஒரு மணியில் பெறுகிறோம்.

நிர்வாகப் பத்திரங்களையும் ஒப்பந்தங்களையும் தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதால் வரும் இலாபம், வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிக்காததால் வந்த நஷ்டம் ஆகியவற்றைப் பற்றியும் சொல்லலாம். அவை எல்லோரும் அறிந்தவையே, மேலே செல்வோம்.

எழுத்துக்கு விலை போட்ட ஒரு நிகழ்ச்சி வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624 இல், பத்ர் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷியருக்கு மீட்புத் தொகை விதிக்கப்பட்டது. வசதிக்குத் தக்கபடி நாலாயிரம் திர்ஹம் வரை அது சென்றது. பணம் இல்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகளுக்கு ஒரு வழி காட்டப்பட்டது: மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்துவிட்டு விடுதலை பெறலாம். சரித்திர ஆசிரியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மதீனாவில் அப்போது பணத்துக்கு இருந்த தட்டுப்பாட்டைச் சொல்லி முடியாது. அவ்வளவு நெருக்கடியிலும், ரொக்கத்துக்குப் பதிலாக எழுத்து ஏற்றுக் கொள்ளப்பட்டது. கற்பித்தவர்கள் பகைவர்கள் என்பதும் பார்க்கப்படவில்லை. வியாபாரிகளாகிய நாம், ஒரு பொருளுக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கொண்டே அதன் மதிப்பை அறிபவர்கள். இந்த விலையை யோசித்துப் பார்க்கலாம்.

நமது பரம்பரையில் வணிகர்கள் நூலுக்குப் பகைவர்களாக இருந்ததில்லை. கீழக்கரையின் கப்பல் வணிகர் சீதக்காதி என்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் ஊக்கம் அளித்ததாலேயே உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தொடங்கினார். நூல் முடியும் முன்பே வள்ளல் காலமானார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றுக் கொண்டார். இன்று நம் கையில் இருக்கும் ஐயாயிரத்துச் சொச்சம் விருத்தங்கள் இரண்டு மரைக்காயர்களின் பொருளால் விளைந்தவை. அதற்குப் பிறகும் அது ஏடுகளிலேயே கிடந்தது. 1842 இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சிட்ட பிறகுதான் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. இக்கரையிலும் அப்படியே. 1887 இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கி 1890 வரை நடத்தினார்.

இன்றும் நாம் கொடுக்கத்தான் செய்கிறோம். நூல் வெளியீட்டு விழா என்றால் நமது வணிகப் பெருமக்களுக்கே முதல் வரிசை. முதற் பிரதியைப் பெறுவதற்குப் பெருந்தொகை கொடுத்து, பொன்னாடை போர்த்திக் கொண்டு, படமும் எடுத்துக் கொள்கிறோம். அந்தப் பிரதி வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரியில் ஏறுகிறது. சில வீடுகளில் அதன் மேலுறையான பிளாஸ்டிக் இன்னும் கிழிக்கப்படவில்லை! எழுதியவருக்குப் பணம் கிடைத்தது நல்லதே. ஆனால் தம்முடைய நூல் படிக்கப்பட வேண்டும் என்று அவர் நம்மிடம் மனத்துக்குள் கேட்டது கிடைக்கவில்லை. பத்து வெள்ளிக்கு ஒரு பிரதி வாங்கி, படித்து முடித்து, "இந்த இடம் எனக்கு உடன்பாடில்லை" என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதும் கடைக்காரரை எந்த ஆசிரியரும் மறக்கமாட்டார்.

நூல் எப்படி அழிகிறது என்பதற்கும் முன்ஷி அப்துல்லாஹ்விடமே ஒரு செய்தி இருக்கிறது. மலாக்காவில் இருந்தபோது ராபிள்ஸ் துரை பல ஊர்களிலிருந்தும் மலாய் ஏடுகளை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். கட்டடம் செய்தவை மட்டும் ஏறக்குறைய முந்நூறு இருக்கும் என்கிறார் அப்துல்லாஹ். வைத்திருந்தவர்கள் விற்ற வேகத்தில் ஒரு நகலும் எடுத்து வைத்துக் கொள்ளவில்லை. 1824 பிப்ரவரியில் ராபிள்ஸின் சேகரிப்புகளை ஏற்றிச் சென்ற 'பேம்' என்ற கப்பல் பெங்கூலனுக்கு அப்பால் தீப்பற்றி எரிந்தது. அந்தச் செய்தி கேட்டு அப்துல்லாஹ் அடைந்த வேதனையை அவர் நூலில் காணலாம்.

ஜொகூரில் நமது நூல்களைக் கொண்டு போகக் கப்பல் எதுவும் தேவைப்படவில்லை. பழைய பேப்பர் வாங்குபவரின் லாரி போதும். சபராளியாக வந்து கடை வைத்த தகப்பனார் மறைந்ததும், அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கும் மகனுக்குத் தமிழ் பேச மட்டுமே தெரியும். பெட்டியில் உள்ளவை அவனுக்குப் பழைய காகிதம். இன்னொரு விபரீதமும் நடக்கிறது. அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் சம்பந்தப்பட்டது என்றெண்ணி, பச்சைத் துணியில் சுற்றி அலமாரியின் உச்சியில் வைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் அது அரபுத் தமிழாக இருக்கலாம். வைத்தியக் குறிப்பாக, பெண்களுக்கான சட்ட விளக்கமாக, ஊருக்குப் போன கடிதத்தின் நகலாக இருக்கலாம். மரியாதையோடு வைக்கப்பட்டாலும் யாரும் படிக்காமல்தான் அது அழிகிறது. பெட்டியைக் காலி செய்யும் முன், விஷயம் அறிந்த ஓர் ஆலிமையோ தமிழாசிரியரையோ ஒரு மாலைப் பொழுது அழைத்துக் காட்டிவிடுமாறு கேட்டுக் கொள்கிறோம். அதற்கு ஒரு தேநீர்ச் செலவுதான் ஆகும்.

பிள்ளைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்களே என்று சிலர் வருந்துகிறார்கள். படிக்கிறார்கள் என்றால் அல்ஹம்துலில்லாஹ், வருந்த ஒன்றுமில்லை. முன்ஷி அப்துல்லாஹ் 1854 இல் ஹஜ்ஜுப் பயணத்தில் மறைந்த பிறகு, அவருடைய மகன் முகம்மது இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தார். 'டத்தோ பெந்தாரா டாலாம்' என்ற பட்டம் பெற்றார். அவரும் தந்தையைப் போலவே, 1871-72 இல் அரசாங்க வேலையாகத் தீபகற்பத்தின் மேற்குக்கரை ஊர்களுக்குப் போய் வந்து ஒரு பயண நூல் எழுதினார். 1888 இல் ஜொகூர் பாருவில் மொழியறிவைக் கற்கவும் கற்பிக்கவும் ஒரு சங்கம் அமைந்தது. லைசன்சு மனுவில் நாம் நாள்தோறும் எழுதும் 'பெஜாபாட்', நமது சங்கக் கடிதத்தாளில் உள்ள 'செத்தியாவுசாஹா' போன்ற சொற்கள் அந்தச் சங்கத்தார் ஆக்கித் தந்தவை என்பர். ஆகவே ஜொகூரில் மலாய் நூல் படிக்கும் நமது பிள்ளை அந்நிய வீட்டில் நுழைந்துவிடவில்லை. தமிழையும் கூடப் படித்தால் பாட்டன் வீட்டுக் கதவும் திறக்கும். இரண்டையும் விட்டுவிட்டுக் கைப்பேசிப் படத்தோடு நின்றுவிடுவதுதான் நமக்குக் கவலை தருகிறது.

அப்துல்லாஹ்வின் பாட்டியார் மலாக்கா கம்போங் பாலியில் சுமார் இருநூறு ஆண் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி. இன்று நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் கடைசியாக வாங்கிக் கொடுத்த நூல் எது என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கட்டும். பலருக்கு அது சமையற் குறிப்பாகவே இருக்கும்; சிலருக்கு அதுவுமில்லை.

கடைசியாக, நாம் மிகவும் தயங்கி எழுதும் விஷயத்துக்கு வருகிறோம். நூல் படிப்பது மனிதனுக்கு நல்லது என்று ஒப்புக் கொண்டால், அது முதலாளிக்கு மட்டும் நல்லதாக இருக்க முடியாது. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பெர்மிட்டில் வந்து, நமது உணவகங்களில் அடுப்பு முன்னும் மேசைக்கு இடையிலும் பகலெல்லாம் நிற்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் பத்து, பன்னிரண்டு வகுப்பு முடித்தவர்கள். பட்டம் பெற்றவர்களும் உண்டு. இங்கே வந்த பின் அவர்கள் படிக்கும் எழுத்து, ஆர்டர் சீட்டும் ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதும்தான். நமது எழுத்தறிவைக் கணக்கோடு நிறுத்திக் கொண்டது போதாதென்று, அவர்களுடையதையும் நாமே நிறுத்தி வைக்கிறோம். "படுத்துத் தூங்கத்தான் நேரம் போதவில்லை, இதில் புத்தகமா?" என்று அவர்களே சொல்வார்கள். அப்படியானால் அந்த நேரத்தை எடுத்துக் கொண்டது யார்? பதில் சொல்ல வேண்டியது அவர்களல்ல.

அஸர் தொழுகைக்கு முன்னால் கடையில் கூட்டம் குறைந்திருக்கும் வேளை எந்தக் கடைக்கும் உண்டு. அந்த நேரத்தில் சும்மா நிற்கும் பையனைப் பார்த்தால், மேசையைத் துடை, பாட்டிலை அடுக்கு என்று ஏதாவது ஏவத் தோன்றுகிறது. முதலாளியின் சுபாவம் அது. அவன் ஒரு மூலையில் அமர்ந்து புத்தகம் ஒன்றைத் திறந்தால், திறந்தபடியே இருக்க விடலாம். தங்கும் விடுதியில் ஒரு பலகை அடித்து, ஊருக்குப் போய் வருபவரிடம் சொல்லி இருபது முப்பது நூல்கள் வாங்கி வைக்கலாம். மார்க்க நூல்களோடு கதை, சரித்திரம், பயண நூல், பிற சமயத்தார் எழுதியவை எல்லாம் அதில் இருக்கட்டும். எது தொலைந்தது, எது கிழிந்தது என்று கணக்குக் கேட்க வேண்டாம். தொலைந்த நூலை யாரோ ஒருவர் படிப்பதற்கு எடுத்துப் போயிருப்பார்.

அடுத்த முறை கடைத்தெருவில் நண்பர் ஒருவர், "என்ன, இன்றைக்கு வியாபாரம் இல்லையா?" என்று கேட்கும்போது, அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையிலுள்ள நூலில் எங்கே வரை வந்திருக்கிறோம் என்று சொல்லிப் பார்க்கலாம். அவர் உட்காருவாரா, கடைக்கு ஓடுவாரா என்பது அவரவர் விருப்பம்.